ஆசானின் மடி

மருந்துக்கடைக்காரிக்கு மாடு வளர்க்க ஆசை வந்தது தப்பில்லை. அதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்ததுதான் தப்பு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று, காகித உறையில் மாத்திரை போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் மரத்துப்போயிருந்தது. புருஷன் வழியில் வந்த கொஞ்சம் நிலம் ஊருக்கு வெளியே சும்மா கிடந்தது. கடையைக் கொழுந்தனிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கே ரெண்டு மாடு கட்டி, பால் ஊற்றிக் காலம் தள்ளலாம் என்று திட்டம் போட்டாள். திட்டம் போட்ட கையோடு கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. கடல் கடந்த ஒரு நாட்டில், மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. தன்னார்வலராகப் போய் உழைப்பைக் கொடுத்தால் வித்தையை வாங்கிக்கொண்டு திரும்பலாம். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. தன்னார்வலர் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

"சும்மா வேலை செய்யறதுக்கு நாமளே காசு கட்டணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அது வேலை இல்லீங்க. கத்துக்கறது."

"பால் கறக்கக் கத்துக்க விமானம் ஏறணுமா? நம்ம தெருவுல பால் ஊத்தறவரக் கேட்டா நாளைக்கே சொல்லித் தருவாரு."

"சொல்லித் தருவாரு. முறையா சொல்லித் தருவாரா?"

முறை என்ற வார்த்தையைக் கேட்டால் வீட்டுக்காரர் அடங்கிவிடுவார். அவர் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவர். அடுத்த மாதமே அவள் விமானம் ஏறினாள்.

பண்ணை வாசலில் அவளை வரவேற்ற பெண் கட்டைக் குரலில், வேகமாகப் பேசினாள். கழுத்தில் ஒரு மர வில்லை தொங்கியது. அதில் 'பக்கவேர்' என்று எழுதியிருந்தது.

"இங்க யாருக்கும் பேர் கிடையாது," என்றாள் பக்கவேர். "நிறுவனர் மூலவேர். எங்கள மாதிரி நிர்வாகத்துல இருக்கறவங்க பக்கவேர். உங்கள மாதிரி வர்றவங்க துளிர். பையத் திறங்க."

பையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருளைத்தான். சோப்பு.

"சோப்பு மண்ணுக்குப் பகை."

"அப்ப கை கழுவறது?"

"இங்க கை அழுக்காகறதே இல்லைங்க. மண்தான் ஆகுது."

மருந்துக்கடைக்காரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவாள் என்று அவளுக்கே தெரியாது. இருமிக்கொண்டும் சொறிந்துகொண்டும் வருகிறவர்களிடம் சில்லறை வாங்கிய கை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு பெரிய கொட்டகை. ஏழெட்டு நாடுகளிலிருந்து வந்த நாற்பது துளிர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு அண்டாவில் குழைத்த சேறு. ஒவ்வொருவரும் அதில் கைவிட்டு, பக்கத்தில் இருப்பவர் முகத்தில் பூச வேண்டும். பூசிக்கொண்டவர், "மண்ணே, இத்தனை நாள் உன்னை மிதித்ததற்கு மன்னித்துவிடு" என்று சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் இருந்த துளிருக்கு நல்ல ஜலதோஷம். ஒரு கையால் மூக்கைத் துடைத்தார், அதே கையை அண்டாவில் விட்டார், அன்போடு அவள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே போய்விடும்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் கைப்பேசியில் பேசினாள்.

"உங்க முதலாளி பேரு என்ன சொன்ன?"

"மூலவேர்."

"மூலமா? அதுக்குத்தான் நம்ம கடையிலயே மருந்து இருக்கே!"

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் வேலை தொடங்கியது. காலைக் குழு முள்ளங்கி நாற்றை நட்டது. மாலைக் குழு அதைப் பிடுங்கி வேரைப் பார்த்துப் படித்தது. மறுநாள் காலைக் குழு அதே நாற்றை மறுபடி நட்டது. நாற்றுக்கே நாம் இருக்கிறோமா போகிறோமா என்று குழப்பமாக இருந்திருக்கும். அந்த நிலத்தில் ஒரு இலைகூட வளர்ந்து அவள் பார்க்கவில்லை. சமையலுக்கு வேண்டிய காய்கறி பின்வாசல் வழியாக வண்டியில் வந்து இறங்கியது. அதைத் துளிர்கள் பார்க்கக்கூடாது என்று அந்த நேரத்தில் எல்லோரையும் கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னார்கள். தியானத்தின் நடுவே, "உருளைக்கிழங்கு மூட்டை எங்க போடறது?" என்று ஓட்டுநர் கத்துவது தினமும் கேட்டது.

"எப்பங்க இதெல்லாம் விளையும்?" என்று அவள் பக்கவேரைக் கேட்டாள்.

"விளைஞ்சிட்டு இருக்கே," என்றாள் பக்கவேர். அவள் விரல் நிலத்தைக் காட்டவில்லை. வரிசையாகக் குனிந்திருந்த துளிர்களைக் காட்டியது.

பொறுத்துக்கொண்டாள். அவள் வந்தது முள்ளங்கிக்காக இல்லை, மாட்டுக்காக. இரண்டாவது வாரம் மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்பினார்கள்.

கொட்டிலில் ஒரே ஒரு பசு நின்றது. அந்தப் பசுவுக்குப் பண்ணையில் 'ஆசான்' என்று பதவி. ஆசானின் கழுத்திலும் மர வில்லை. கொட்டிலுக்கு வெளியே, காலையிலிருந்து சாயங்காலம்வரை, வரிசை. நாற்பது பேரும் முறை வைத்துக் கறந்தார்கள். மாட்டுக்கு இருப்பது காலையில் ஒரு வேளைப் பால், மாலையில் ஒரு வேளைப் பால். அது முதல் இரண்டு துளிர்களோடு தீர்ந்துவிடும். மிச்சம் முப்பத்தெட்டுப் பேரும் காலி மடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள். முள்ளங்கி பிடுங்கிய கை, மூக்குத் துடைத்த கை, அண்டாச் சேற்றில் அளைந்த கை. ஒருவர் விட்ட காம்பை அடுத்தவர் அப்படியே பிடித்தார். பால் வராதபோது, "வரலையே" என்றால் குறைந்த மதிப்பெண். "ஆசான் எனக்கு இல்லாமையைக் கற்றுக் கொடுத்தார்" என்று சொன்னால் கூடுதல் மதிப்பெண்.

மருந்துக்கடைக்காரியின் முறை வந்தது. முக்காலியில் உட்கார்ந்து மடியில் கை வைத்தவள், வெடுக்கென்று எடுத்தாள். மடி கொதித்தது. பின்பக்கக் காம்பு ஒன்று சிவந்து, கட்டைபோல் இறுகியிருந்தது. மெல்ல அழுத்தினாள். பசு காலை உதறியது. கிண்ணத்தில் விழுந்தது பாலில்லை. மஞ்சளாக, கட்டி கட்டியாக, அழுகின புண்ணைக் கட்டவிழ்த்தால் வருமே, அந்த வாடையோடு ஒன்று விழுந்தது.

பின்னால் நின்ற துளிர் எட்டிப் பார்த்து, "ஆகா, வெண்ணெயாவே வருதா?" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். துவைத்து மடித்த கிழிசல் உடை, கையில் ஒரு கூடை, கூடையில் ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரி அவளை முன்பே பார்த்திருக்கிறாள். கூட்டங்களில் ஓரமாக நிற்பாள். துளிர்கள் போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அவள் கழுத்து வில்லையில் 'உள்ளூர் மண்' என்று இருக்கும்.

"மடிநோய்தானே?" என்றாள் அந்த அம்மாள்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"என் மாடும்மா அது. அது நிக்கற நிப்பப் பாத்தாலே தெரியாதா?"

கதை சின்னதுதான். இந்த மேய்ச்சல் நிலம் அவளுடையது. பண்ணை அதைக் குத்தகைக்கு எடுத்தபோது மாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. முதலில் அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இங்கே கூலிக்கு வேலை செய்தார்கள். பிறகு துளிர்கள் வரத் தொடங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்களையும் காசு கொடுத்து வேலை செய்கிறவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்த நிர்வாகம், முதல் வகையை நிறுத்திவிட்டது. இவளை மட்டும் கட்டிப்பிடிப்பதற்காக வைத்துக்கொண்டது.

"நீங்க உள்ள வந்து ஒரு தடவை சுத்தமா கறந்து விடக்கூடாதா?"

"எனக்கு அனுமதி இல்லம்மா. ஆசானத் துளிர்தான் தொடலாம். நான் மண்ணு."

"அப்ப துளிராச் சேந்துடுங்களேன்."

"கேட்டேனே. துளிர்னா வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம்."

மருந்துக்கடைக்காரி நேராக மூலவேரைப் பார்க்கப் போனாள்.

மூலவேர் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் காய்ந்த சேறு. நெற்றியில் அது வெடித்து, பேசும்போது துகள் துகளாக மடியில் உதிர்ந்தது. பக்கத்து அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அங்கிருந்து சோப்பு வாசனை வந்தது. நல்ல விலையுள்ள சோப்பு.

"ஐயா, பசுவுக்கு மடிநோய். டாக்டரக் கூப்பிடணும். ஊசி போட்டா சரியாயிடும். அதுவரைக்கும் யாரும் அந்தப் பாலத் தொடக்கூடாது."

மூலவேர் கண்ணை மூடி, திறந்து, புன்னகைத்தார்.

"வலிக்குதுன்னு சொல்றீங்க. சரிம்மா. வலி ஒரு பாடம். மருந்து போட்டு அந்தப் பாடத்த அழிச்சுட்டா, அடுத்த குழு எதைக் கத்துக்கும்?"

"மாடு செத்துப் போயிடுங்க."

"பாருங்க, ஆரம்பத்துல நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன். பயிர் வெச்சேன். பயிர் வெச்சா விளையுது. விளைஞ்சா அறுக்கணும். அறுத்தா விக்க ஓடணும். கத்துக்க நேரமே இல்ல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, கற்றலுக்கு முதல் எதிரி விளைச்சல். பயிர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருது. துளிர் மாசாமாசம் வருது. மழைய நம்ப வேண்டியதில்ல, பூச்சி அரிக்கிறதில்ல, கட்டணத்தையும் அதுவே கட்டிட்டு வருது. இதைவிட உயர்ந்த விவசாயம் உண்டாம்மா?"

இதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கண்கலங்கிச் சொன்னார்.

அவளுடைய புகார் வீண் போகவில்லை. அன்று மாலையே நடவடிக்கை எடுத்தார்கள். பசுவைச் சுற்றி 'வலி வட்டம்' கூட்டினார்கள். நாற்பது பேரும் சாணத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, பசு கத்துவதுபோல் மெதுவாகக் கத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து, வீங்கின மடியில் உள்ளங்கையை வைத்து, வலியைத் தங்களுக்குள் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் அழுதார்கள். பசுவும் கத்தியது. அதற்குக் குணமாகிவிட்டது என்று பக்கவேர் அறிவித்தாள். ஈக்கள் மட்டும் அதை நம்பாமல் காம்பை மொய்த்துக்கொண்டிருந்தன.

அந்த வாரக் கடைசியில் புரவலர் நாள் வந்தது. பண்ணைக்குப் பணம் கொடுக்கும் பெரிய மனிதர்கள் வந்து பார்த்து, நெகிழ்ந்து, போகும் நாள். முள்ளங்கியை அன்று ஒருநாள் பிடுங்காமல் விட்டார்கள். தலைமைப் புரவலர் கொட்டகையின் நடுவில் மரக்கட்டையில் உட்கார வைக்கப்பட்டார். நல்ல தொந்தி, நல்ல மீசை. அவர் கையில் ஒரு மண் கோப்பை வந்து சேர்ந்தது.

"ஆசானின் பால்," என்றார் மூலவேர். "காய்ச்சல, வடிகட்டல. வடிகட்டினா உண்மை போயிடும் ஐயா."

மருந்துக்கடைக்காரி வரிசையிலிருந்து முன்னால் ஓடினாள்.

"குடிக்காதீங்க! அது பால் இல்ல, சீழ்!"

மூலவேர் அவள் தோளில் கை வைத்துக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "நம்ம துளிர் ஒருத்தருக்கு உணர்ச்சி தாங்கல."

எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு துளிர்கள் வந்து அவளைக் கட்டிப்பிடித்து, பிடித்த பிடியிலேயே பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தலைமைப் புரவலர் குடித்தார். ஒரு வாய் குடித்து நாக்கைச் சப்புக்கொட்டினார். கட்டி ஒன்று மீசையில் தங்கியது. அதையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கெட்டியா இருக்கே!"

"தாய்மை கெட்டியாத்தான் இருக்கும் ஐயா."

"லேசா உப்புக் கரிக்குதே."

"மண்ணோட உப்பு."

"அதான பாத்தேன்! பட்டணத்துப் பால்ல இது எங்க இருக்கு? செத்த பால் அது. இதுல ஒரு வாசம், ஒரு… ஒரு பழமை இருக்கு." அவர் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."

மருந்துக்கடைக்காரி கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கவேர் எதிரே நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். பக்கவேர் குரலைத் தணித்து, மரியாதையாகவே பேசினாள்.

"மூலவேர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. புரவலருக்கு அந்த ருசி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த தடவையும் அதுவே வேணும்னு சொல்லிட்டாரு. நீங்க மருந்துக்காரங்களாச்சே. அது குணமாகாம அப்படியே இருக்க ஏதாவது வழி இருக்கா?"

மருந்துக்கடைக்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் குரூரம் எதுவும் இல்லை. சமையலில் உப்புப் போதுமா என்று கேட்கிறவளின் முகம்தான் அது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நேராகக் கொட்டிலுக்கு நடந்தாள். பசுவின் கழுத்திலிருந்த மர வில்லையைக் கழற்றிச் சாணத்தில் போட்டாள். கயிற்றை அவிழ்த்தாள்.

பின்வாசல் பூட்டியிருந்தது. காய்கறி வண்டிக்கு மட்டும்தான் அதைத் திறப்பார்கள். வேறு வழியில்லை, கொட்டகைக்குள் புகுந்துதான் முன்வாசலுக்குப் போக வேண்டும். போனாள். அங்கே கட்டிப்பிடிக்கும் வரிசை நடந்துகொண்டிருந்தது. உள்ளூர் மண் ஒரு புரவலரின் கையிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்க. மாட்ட ஓட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போலாம்."

அந்த அம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். புரவலரின் கையை விலக்கினாள். கூடையை அவரிடமே கொடுத்தாள்.

"ஏம்மா, இழுக்காத. கயித்த எங்கிட்ட குடு. நொண்டுது பாரு, அது போக்குல விடணும்."

மூன்று பேரும் கூட்டத்தின் நடுவே நடந்தார்கள். யாராவது தடுப்பார்கள் என்று மருந்துக்கடைக்காரி எதிர்பார்த்தாள். தடுத்தால் என்ன பேசுவது என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். நன்றாகவே திட்ட வேண்டும் என்றிருந்தாள்.

யாரும் தடுக்கவில்லை. மூலவேர் ஒரே நொடிதான் திகைத்தார். பிறகு கையை உயர்த்தி, தழுதழுத்த குரலில் அறிவித்தார்.

"பாருங்க! ஆசான் விடைபெறுகிறார். ஒரு துளிரும் மண்ணும் கைகோத்து ஆசானை வழியனுப்புகிறார்கள். இதுதான் நம்ம பண்ணையின் கடைசிப் பாடம். விடுதல்!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் காதைக் கிழித்தது. இருபுறமும் கைப்பேசிகள் நீண்டன. ஒரு துளிர் ஓடிவந்து பசுவின் வாலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலைமைப் புரவலர் மூன்றாவது கோப்பையை உயர்த்தி வாழ்த்தினார். மருந்துக்கடைக்காரி எதையோ கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அன்று மாலையே அந்த அம்மாளின் வீட்டுக்கு மாட்டு டாக்டர் வந்தார். மடியைப் பார்த்துவிட்டு, "யாரு இதை இப்படிப் பண்ணது?" என்று கேட்டார். "நாற்பது பேரு," என்றாள் மாட்டுக்காரி. அவர் பையைத் திறந்தார். மருந்தைக் காம்புக்குள் ஏற்றி, ஊசி போட்டார். இரண்டு பெண்களும் மாறி மாறி அந்தச் சீழைக் கறந்து குழியில் ஊற்றினார்கள். மாட்டுக்காரியின் வீட்டுக் குழாயடியில் ஒரு சோப்பு இருந்தது. ஒரு காம்பு போய்விட்டது. மற்ற மூன்றும் பிழைத்தன. மருந்துக்கடைக்காரி அங்கேயே தங்கி, தான் எதற்காகக் கடல் தாண்டி வந்தாளோ அதைக் கற்றுக்கொண்டாள். கறப்பதற்கு மாட்டுக்காரி ஒரு காலை வேளைதான் எடுத்துக்கொண்டாள். மிச்ச நாளெல்லாம் திட்டினாள்.

"காம்ப இழுக்காதம்மா, அது என்ன கோயில் மணியா? அழுத்து. ஆங், அப்படி."

ஊருக்குத் திரும்பி மாடும் வாங்கிய பிறகு, ஒருநாள் கொழுந்தன் கைப்பேசியை நீட்டினான். "அண்ணி, இது நீங்கதானே?" பண்ணையின் புது விளம்பரம். பசுவோடு அவள் நடக்கும் படம். வாய் கோணலாகத் திறந்திருந்தது. கத்திக்கொண்டிருந்த வாய். கீழே, 'ஆனந்தக் கண்ணீருடன் ஒரு துளிர்' என்று போட்டிருந்தார்கள். 'விடுதல்' என்று ஒரு புதுப் பயிற்சியாம். ஆசானைக் கறந்து, பிறகு வழியனுப்ப வேண்டுமாம். அதற்குத் தனிக் கட்டணம். அதன் கீழே தலைமைப் புரவலரின் பாராட்டு. ஆசானின் பாலைக் குடித்த பிறகு ஒரு வாரம் கழிப்பறையை விட்டு வெளியே வர முடியவில்லை என்றும், தனக்குள் இருந்த பட்டணத்து நஞ்செல்லாம் போய்விட்டது என்றும் எழுதியிருந்தார்.

அவளுக்குப் பகீர் என்றது. ஆசானா? எந்த ஆசான்? உடனே மாட்டுக்காரியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, மறுபடியும் மாட்ட அவங்ககிட்ட குடுத்துட்டீங்களா?"

"குடுப்பேனா? வந்து கேட்டாங்க. விளக்குமாத்த எடுத்தேன், போயிட்டாங்க."

"அப்ப எதக் கறக்கறாங்க?"

"மரத்துல மாடு செஞ்சு வெச்சிருக்காங்கம்மா. அடியில சக்கரம். ரப்பர்ல மடி. ஒவ்வொருத்தரா வந்து கறந்துட்டு, அழுதுட்டு, வாசல்வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறாங்க. அடுத்த குழுவுக்கு மறுபடி உள்ள தள்ளிக்கிறாங்க."

"பால் வருதா அதுல?"

"வராம? தினம் காலைல நான்தான் கொண்டுபோய் ரப்பருக்குள்ள ஊத்தி வெக்கிறேன். நம்ம மாட்டுப் பால்தான். மாசாமாசம் காசு வந்துடுது."

மருந்துக்கடைக்காரி பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை. இப்பவாவது நல்ல பாலக் குடிக்கிறாங்களே."

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா," என்றாள் மாட்டுக்காரி. "பழைய ருசி இல்லன்னு அந்த மீசைக்காரரு ஒரே குறை. இப்ப முந்தாநாள் பாலத்தான் ஊத்தறேன். அதுக்குக் கூடுதல் விலை குடுக்கறாங்க."